மன்னார்க் கடலுக்குப் பொதுக் காப்பகம்: கச்சத்தீவுத் திருவிழாவிலிருந்து தொடங்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன்னார் வளைகுடாவையும் பாக் விரிகுடாவையும் சேர்த்து, இந்தியாவும் இலங்கையும் பொதுவாகக் காக்கும் ஒரே கடற்பூங்காவாக அறிவிக்க வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். முதல்முறை படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. இரண்டாம் முறை படித்தபோது, அதில் சொல்லப்பட்டிருக்கும் வழியில் போனால் அந்தப் பூங்கா வரைபடத்தோடு நின்றுவிடும் என்ற ஐயம் எழுந்தது. இரு நாட்டுத் தலைவர்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், அதன்பின் அந்தக் கடற்பரப்பில் மனித நடமாட்டத்தை அறவே நிறுத்திவிட வேண்டும், மற்றதை இயற்கை பார்த்துக்கொள்ளும் என்பதே கட்டுரையாளரின் வாதத்தின் சாரம். பூங்கா வேண்டும் என்பதில் அவரோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். முதலில் ஒப்பந்தம், அடுத்து மனிதர் வெளியேற்றம் என்ற அந்த வரிசையில்தான் எனக்கு உடன்பாடில்லை.

நான் மண்டபத்தை அடுத்த ஒரு கடற்கரை ஊரில் பிறந்து, 1979-இல் வேலைக்காகப் பெங்களூருக்கு வந்து, அல்சூரிலேயே தங்கிவிட்டவன். கடலை விட்டு வந்து இத்தனை ஆண்டுகள் ஆன ஒருவனுக்கு, காய்கறிக் கடையில் பேரம் பேசும்போது கன்னடமே முதலில் வாயில் வருகிற ஒருவனுக்கு, மன்னார்க் கடலைப் பற்றி எழுத என்ன தகுதி என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், எல்லை என்றால் என்ன என்பதை நான் கற்றுக்கொண்டது கடலில் அல்ல. பெங்களூரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ஜவளகிரிக்குப் பக்கத்தில், ஒரு கேழ்வரகுக் கொல்லையில் கற்றுக்கொண்டேன்.

என்னோடு ஒரே பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்த நண்பருக்கு அங்கே மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. கேழ்வரகுக் கதிர் முற்றும் பருவத்தில், பன்னேர்கட்டா, காவிரிக் காடுகளின் பக்கமிருந்து யானைகள் கூட்டமாகத் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளுக்கு வருவது ஆண்டுதோறும் நடப்பதுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் இரவில் அவருடைய பரணில் உட்கார்ந்திருந்தேன். நான்கு தைலமரக் கழிகளின் மேல் பலகை, பலகையின் மேல் வைக்கோல், தலைக்கு மேல் ஒரு தார்ப்பாய். கையில் டார்ச், காலடியில் எண்ணெய் டின், பக்கத்தில் ஒரு பை நிறையப் பட்டாசு. பனியில் திரி நமுத்துவிடும் என்று அந்தப் பையை மட்டும் அவர் தம் போர்வைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

நள்ளிரவு தாண்டியபின் தட்டைகள் முறியும் சத்தம் கேட்டது. யானை வருகிற ஓசையே கேட்பதில்லை. தின்கிற ஓசைதான் கேட்கிறது. டின்னைத் தட்டினோம், பட்டாசைக் கொளுத்திப் போட்டோம், பக்கத்துக் கொல்லைகளிலிருந்தும் கூச்சல் கிளம்பியது. யானைகள் அவசரமே படாமல் திரும்பி, மாநில எல்லையைத் தாண்டிக் கர்நாடகப் பக்கம் போயின. ஒரு மணி நேரம் கழித்து எல்லைக்கு அப்பாலிருந்து வெடிச் சத்தம் கேட்டது. விடியுமுன் அதே கூட்டம் எங்கள் பக்கம் வந்து நின்றது.

யானைக்கு எல்லை ஏது என்று, எல்லோரும் சொல்கிற வாக்கியத்தை நானும் சொன்னேன். நண்பர் சிரித்துவிட்டார். “யானைக்குத்தான் சார் எல்லை நல்லாத் தெரியும். எந்தப் பக்கம் வெடி நின்னுச்சோ அந்தப் பக்கம் போகுது. நமக்குத்தான் தெரியல” என்றார்.

அன்றிலிருந்து எல்லை என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கம்பி வேலி நினைவுக்கு வருவதில்லை. இந்தப் பக்கம் ஒரு நடத்தை, அந்தப் பக்கம் வேறொரு நடத்தை என்ற அந்த வேறுபாடுதான் நினைவுக்கு வருகிறது. ஒரே அரசமைப்புச் சட்டத்தின்கீழ் இருக்கும் இரு மாநிலங்களுக்கிடையிலேயே இந்த வேறுபாட்டைக் குறைப்பது எளிதாக இல்லை. மனித-விலங்கு மோதல் குறித்து ஒருங்கிணைந்து செயல்படுவதற்காகக் கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகியவற்றின் வனத்துறைகள் பந்திப்பூரில் கூடிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்ததே 2024 மார்ச்சில்தான். அப்படியிருக்க, இரு நாடுகளுக்கு நடுவில் ஒரு கையெழுத்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்புவது கடினம்.

நண்பர் சொன்னதை ஆப்பிரிக்க யானைகளும் மெய்ப்பித்திருக்கின்றன. தென்னாப்பிரிக்கா, மொசாம்பிக், ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளையும் இணைக்கும் பெரிய லிம்போப்போ பூங்காவுக்கான உடன்படிக்கை 2002 டிசம்பரில் கையெழுத்தானது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் பெருகியிருந்த யானைகளில் ஒரு கூட்டத்தை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் மொசாம்பிக் பக்கம் விட்டார்கள். தலைவர்களும் நிழற்படக்காரர்களும் நிறைந்த விழா அது. அந்த யானைகளில் பல, விழா முடிந்தபின் வந்த வழியே க்ரூகருக்குத் திரும்பி நடந்துவிட்டன. பல ஆண்டு உள்நாட்டுப் போரில் விலங்குகளெல்லாம் வேட்டையாடப்பட்ட நிலம் எது, காவல் இருக்கும் நிலம் எது என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. அதே பூங்காவுக்காக மொசாம்பிக் பக்கத்தில் ஆற்றோரம் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பத்தாரை இடம்மாற்றும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனதையும் கட்டுரையாளர் கவனிக்க வேண்டுகிறேன்.

உலகின் முதல் பன்னாட்டு அமைதிப் பூங்கா என்று அவர் பெருமையோடு குறிப்பிட்டிருக்கும் வாட்டர்டன்-கிளேசியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் இருக்கும் வாட்டர்டன் ஏரிகள் பூங்காவையும் அமெரிக்காவின் மொன்டானாவில் இருக்கும் கிளேசியர் பூங்காவையும் 1932-இல் இரு நாட்டு நாடாளுமன்றங்களும் சட்டமியற்றி இணைத்தன. ஆனால் அந்த யோசனையைக் கிளப்பியவர்கள் இரு நாட்டுத் தலைநகரங்களிலும் இருந்தவர்கள் அல்லர். எல்லையின் இருபுறமும் இருந்த ஊர்களின் ரோட்டரி சங்கத்தார். இன்றும் அவை இரண்டு தனித்தனி நிர்வாகங்கள்தாம். காட்டுத்தீயை அணைப்பது, மலையில் வழிதவறியவர்களைத் தேடுவது, ஆய்வுகளைப் பகிர்ந்துகொள்வது என்று சேர்ந்து செய்யக்கூடியதைச் சேர்ந்து செய்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த அமைதிப் பூங்காவின் நடுவிலும் 49-ஆம் அட்சக்கோட்டின் நெடுகே 20 அடி அகலத்துக்கு மரங்களை வெட்டி எல்லையைக் காட்டும் வழக்கம் நிற்கவில்லை. மலைச்சரிவில் வகிடு எடுத்தாற்போல அந்தக் கோடு தெரியும். கோடு அழியவில்லை, இருபுறமும் நடத்தை ஒன்றானதால் ஓநாய்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அமெரிக்க மேற்கில் அரை நூற்றாண்டாக அற்றுப்போயிருந்த ஓநாய், கனடாவிலிருந்து தானாகவே இறங்கி வந்து, 1986-இல் கிளேசியரில் குட்டி போட்டது.

ஆனால் அங்கும் பூங்காவுக்கு வெளியே நடத்தை ஒன்றாகவில்லை. கிளேசியரின் மேற்கு ஓரமாக ஓடும் ஃபிளாட்ஹெட் ஆற்றின் வட கிளை கனடாவில் பிறக்கிறது. அந்த மேல்பள்ளத்தாக்கு பூங்காவில் சேரவில்லை. அங்கே நிலக்கரிச் சுரங்கம் தோண்டும் திட்டங்கள் வந்தபடியே இருந்தன. அவற்றில் ஒன்றை ஏற்கக் கூடாது என்று இரு நாட்டுக் கூட்டு ஆணையம் 1988-இல் பரிந்துரைத்தது. அதன் பிறகும் 22 ஆண்டுகள் கடந்து, 2010-இல்தான் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் அந்தப் பள்ளத்தாக்கில் சுரங்கத் தொழிலே கூடாது என்று முடிவெடுத்தது. சண்டையே இல்லாத இரு பணக்கார நாடுகள், ஒரே மொழி பேசுகிறவர்கள். அவர்களுக்கே இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

இவற்றைவிட நம் நிலைமைக்கு நெருக்கமானது, கட்டுரையாளர் ஒரு வரியில் கடந்துவிட்ட பிக் பெண்ட். டெக்ஸாஸ் மாநிலத்தில் ரியோ கிராண்டே ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் 1944 ஜூனில் அமெரிக்கா ஒரு தேசியப் பூங்காவை அமைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் ரூஸ்வெல்ட், மெக்சிகோ அதிபர் ஆவிலா கமாச்சோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆற்றின் இருகரையும் சேர்ந்து ஒரே பன்னாட்டுப் பூங்காவாகும்வரை இந்தப் பணி முழுமையடைந்ததாகத் தாம் கருதவில்லை என்பது அதன் கருத்து. நாட்டின் உச்சத்தில் இருப்பவரே கேட்டுவிட்டார், நட்புநாடுதான், போரும் முடியும் தறுவாயில் இருந்தது. கட்டுரையாளர் விரும்புகிற அத்தனை சாதகங்களும் கூடியிருந்தன. இருந்தும், மெக்சிகோ தன் கரையில் மதேராஸ் தெல் கார்மென், சாந்தா எலெனா ஆகிய இரு காப்பகங்களை அறிவித்தபோது ஆண்டு 1994. ஐம்பது ஆண்டுகள்! அப்போதும், ‘பன்னாட்டுப் பூங்கா’ என்ற பெயர்ப்பலகை ஏறவில்லை. மெக்சிகோ அறிவித்த காப்பகங்களில் ஊர்களும் மேய்ச்சல் நிலங்களும் உள்ளேயே இருக்கின்றன.

ஆனால் பெயர்ப்பலகைக்காகக் கரடிகள் காத்திருக்கவில்லை. பிக் பெண்ட் பகுதியில் வேட்டையால் அற்றுப்போயிருந்த கருங்கரடிகள், 1980-களின் இறுதியில் மெக்சிகோவின் கார்மென் மலைகளிலிருந்து பாலையையும் ஆற்றையும் கடந்து தாமாகவே திரும்பி வந்தன. இந்தப் பக்கம் துப்பாக்கி ஓய்ந்திருந்தது. அந்தப் பக்கம் காடு மிச்சமிருந்தது. அவ்வளவே போதுமானதாக இருந்தது.

அந்த ஆற்றின் மறுகரையில் போக்கில்லாஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் துடுப்புப் படகில் ஆற்றைக் கடந்து, அங்கே சாப்பிட்டு, கைவினைப் பொருட்கள் வாங்கித் திரும்புவது பல ஆண்டுகளாக நடந்துவந்த பழக்கம். அவ்வூர் ஆண்கள் சிலர் காட்டுத்தீ அணைக்கும் பயிற்சி பெற்று அமெரிக்கப் பூங்காவுக்கே வேலைக்குப் போனார்கள். நியூயார்க் தாக்குதலுக்குப் பிறகு, 2002 மே மாதத்தில் அந்தக் கடவையை அமெரிக்கா மூடிவிட்டது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் எதிர்க்கரைக்குச் சட்டப்படி போக வேண்டுமானால் பல மணி நேரம் சாலையில் சுற்ற வேண்டியதாயிற்று. பல குடும்பங்கள் ஊரை விட்டே போயின. மிஞ்சியவர்கள், கம்பியால் பின்னிய தேளையும் பூவையும் அமெரிக்கக் கரைப் பாறைகளின் மேல் பரப்பி, பக்கத்தில் காசு போட ஒரு டப்பாவை வைத்துவிட்டு, மறுகரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கினால் குற்றம் என்று பூங்கா அறிவித்திருந்தது. 2013 ஏப்ரலில் கடவை மீண்டும் திறந்தது. இப்போது ஒரு சிறு கட்டடத்தில் இருக்கும் இயந்திரத்தில் கடவுச்சீட்டைக் காட்டினால், வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி தொலைபேசியில் கேள்வி கேட்டு அனுப்பிவைக்கிறார்.

அந்தத் தகர டப்பாவை என்னால் மறக்க முடியவில்லை. எல்லைப் பூங்கா பற்றிப் பேசுகிறவர்கள் எத்தனை விலங்குகள் கடந்தன என்று கணக்கெடுக்கிறார்கள். டப்பாவை வைத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

நம் நாட்டு எல்லையிலும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அசாமின் மானஸும் பூடானின் ராயல் மானஸும் ஒரே ஆற்றின் இரு பக்கங்கள். 1985-இல் உலகப் பாரம்பரியத் தலமான நம் மானஸ், போடோ பழங்குடியினரின் கிளர்ச்சிக் காலத்தில் சூறையாடப்பட்டுக் காண்டாமிருகங்களை முற்றிலும் இழந்து, 1992 முதல் 2011 வரை ‘ஆபத்தில் இருக்கும் தலம்’ என்ற பட்டியலில் கிடந்தது. 2003-இல் போடோ உடன்பாடு ஏற்பட்டபின், அந்தக் காட்டில் ஒளிந்து திரிந்தவர்களிலும் வேட்டையாடியவர்களிலும் பலரே காவல் பணிக்கு வந்தார்கள். இரு நாட்டு வனப் பணியாளர்களும் சேர்ந்து கேமரா வைத்துப் புலிகளைக் கணக்கெடுத்தார்கள். பெரிய உடன்படிக்கை எதற்கும் அவர்கள் காத்திருக்கவில்லை.

இனி நம் கடலுக்கு வருகிறேன்.

கட்டுரையாளர் நினைப்பதுபோல மன்னார்க் கடலில் காப்பகமே இல்லாமல் இல்லை. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைக் கொண்ட கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா 1986 முதல் இருக்கிறது. அதைச் சூழ்ந்த 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமானது. பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரமாக, 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுக் காப்பகத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்தது. இலங்கையும் தன் பக்கத்து மணல் திட்டுகளை 2015-இல் தேசியப் பூங்காவாக்கி, 2016-இல் மன்னார்க் கரையில் விடத்தல்தீவைக் காப்பகமாக்கியது. ஆக, வரைபடத்தில் இரு கரையிலும் ஏற்கெனவே பச்சை பூசியாயிற்று. நடுவில், இரு நாட்டுக் கடல் எல்லையை வகுத்த 1974, 1976 ஒப்பந்தங்களின் கோடு ஓடுகிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள மணல் திட்டுகளோ தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் ஒரு பக்கமும் வடகிழக்கு வாடையில் மறுபக்கமும் நகர்ந்துகொண்டிருப்பவை. அவற்றின் மேல் ஆலா என்னும் கடற்பறவைகள் முட்டையிடுகின்றன.

நடத்தையில் இருக்கும் வேறுபாடுதான் நம் சிக்கல். ஒன்றைச் சொல்கிறேன். கடல் அட்டையைப் பிடிப்பது நம் நாட்டில் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். புலியைக் கொன்றவனைப் போல நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். இலங்கையிலோ அதே அட்டையை உரிமம் பெற்றுப் பிடிக்கலாம், பண்ணை வைத்தும் வளர்க்கலாம். இடையில் முப்பது கிலோமீட்டர் கடல். அட்டை எந்தக் கரையில் அள்ளப்பட்டு எந்தக் கரையில் ‘உரிமம் பெற்றதாக’ மாறும் என்பதை விளக்கவேண்டிய தேவையே இல்லை. இருபுறமும் தடை செய்யுங்கள், அல்லது இருபுறமும் அளவோடு அனுமதியுங்கள். எது சரி என்பதில் எனக்கே உறுதியான கருத்து இல்லை. இரண்டு சட்டங்கள் இருக்கும்வரை எந்தச் சட்டமும் இல்லை என்பதில் மட்டும் உறுதி இருக்கிறது.

இழுவைமடியின் கதை இதன் மறுதலை. கடலடியைச் சுரண்டி இழுக்கும் அந்த வலையை இலங்கை 2017-இல் சட்டமியற்றித் தடை செய்துவிட்டது. நம் பக்கம் அது சட்டப்படியான தொழில். நார்வே நாட்டு உதவித் திட்டத்தோடு கேரளத்தில் அறிமுகமாகி, பின்னர் அரசு ஊக்கத்தோடு கிழக்குக் கரையிலும் பெருகிய விசைப்படகுகள், இலங்கையின் வடக்கில் போர் நடந்த காலத்தில் அங்குள்ள மீனவர்கள் கடலுக்குள் இறங்க முடியாமல் இருந்தபோது, அந்தக் கடலிலும் இழுத்தன. கொரியாவில் இரு படைகளுக்கும் நடுவே 1953 முதல் ஆளில்லாமல் கிடக்கும் நான்கு கிலோமீட்டர் அகலப் பட்டையில் கொக்குகள் பெருகியதைக் கட்டுரையாளர் எடுத்துக்காட்டியிருக்கிறார். போர் நம் கடலையும் ஆளில்லாமல் ஆக்கியிருந்தால் இங்கும் ஏதாவது பெருகியிருக்கலாம். ஆனால் ஒரு கரைக்காரர்கள் விலக்கப்பட்ட இடத்தில் மறுகரைக்காரர்களாகிய நாம் புகுந்தோம். இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. என் உறவினர்களில் படகு வைத்திருக்கிறவர்கள் உண்டு.

கடலில் கோடு போட முடியாதபோது மீனவர்கள் நாட்களில் கோடு போட்டுக்கொண்டதையும் சொல்ல வேண்டும். ராமேசுவரத்தில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாட்கள், நாட்டுப்படகுகளுக்கு மற்ற நான்கு நாட்கள் என்பது பழைய ஏற்பாடு. இலங்கையின் வடகரை மீனவர்கள் அந்த நாட்காட்டியை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். விசைப்படகு வரும் இரவுகளில் வலை கிழிந்துவிடும் என்று கடலுக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். ஜவளகிரி யானைக்குத் தெரிந்த அதே பாடம்தான். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. அக்கரையில் அதே நாட்களில் அப்படியொரு தடை கிடையாது. ஒரே மீன், ஒரே முட்டைப் பருவம், இரண்டு நாட்காட்டிகள். ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்னால் இந்த நாட்காட்டிகளை ஒன்றாக்க முடியுமா என்று பார்க்கலாம்.

இழுவைமடியை விடச் சொல்வது பெங்களூரில் உட்கார்ந்து எழுதுகிற எனக்கு எளிது. கடன் வாங்கிப் படகு கட்டியவருக்கு எளிதல்ல. ஆழ்கடல் மீன்பிடிக்கு மாற்றும் திட்டம் 2017-இல் வந்தது. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, அதில் 70 விழுக்காட்டை மைய, மாநில அரசுகள் மானியமாகத் தருவதாகச் சொன்னது. இரண்டாயிரம் படகுகளை மாற்றுவது இலக்கு. இலக்கை அது நெருங்கவே இல்லை. விரிகுடாவில் ஓரிரவு போய்த் திரும்புகிற பழக்கமுள்ளவரை, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சூரை மீன் பிடிக்கச் சொன்னால், அவருக்குப் படகு மட்டும் போதாது. ஆள், பனிக்கட்டி, துறைமுகம், விற்பனை எல்லாமே வேறாக வேண்டும். இந்த வேலையை முடிக்காமல் பூங்காவை அறிவித்தால், இலங்கைப் பக்கத்து நெடுந்தீவுக்காரர் அதை இந்தியத் தந்திரம் என்பார். ராமேசுவரத்துக்காரர் தன்னை விரட்ட வந்த இன்னொரு கோடு என்பார்.

மனித நடமாட்டத்தை அறவே நிறுத்த வேண்டும் என்பதற்கு என் எதிர்ப்பு இன்னும் கடுமையானது. தேசியப் பூங்கா வந்தபோது, தலைமுறை தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி எடுத்த பெண்கள் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். பாம்பன் சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் பின்னர் சங்கமாகக் கூடி, பவளப்பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளை விட்டு, மாதத்தில் சில நாட்கள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டு, அதை அதிகாரிகளிடம் எடுத்துப் பேசினார்கள். அந்த 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்கடியில் இருக்கின்றன. முன்பு சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வண்டி வண்டியாக வெட்டியெடுத்ததே அதற்கு முதன்மைக் காரணம். அதை வெட்ட வைத்தவர்கள் வேறு. கைவிரலில் துணி சுற்றிக்கொண்டு பாசி பறித்தவர்கள் வேறு. வெளியேற்று என்ற உத்தரவு எப்போதும் இரண்டாமவர்கள் மேல்தான் முதலில் பாய்கிறது.

நானும் சுத்தமானவன் அல்லன். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, அப்பா ஓலைப்பெட்டியில் கறி வாங்கி வந்தார். ஆட்டுக்கறி என்றுதான் சொன்னார்கள். கொழுப்பு தடித்து வெண்மையாக இருந்தது. சாப்பிட்டு முடித்தபின் அது ஆவுளியா என்று பாட்டி சொன்னார். கடற்பசுவை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம். மாலையில் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தபோது, மணலில் இழுத்த தடமும், அதன் வயிற்றிலிருந்து சரிந்த பச்சைக் கடற்புல்லும் கிடந்தன. அப்போதுதான் மேய்ந்துவிட்டு வந்ததுபோல அந்தப் புல் இன்னும் நிறம் மாறாமல் இருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த விற்பனையை நிறுத்தியது. வலையில் சிக்கிய ஆவுளியாவை மீனவர்களே வலையை அறுத்து விடுவது பாக் விரிகுடாக் கரையில் இப்போது வழக்கமாகியிருக்கிறது. அறுந்த வலைக்கு இழப்பீடும் தரப்படுகிறது. விடுவதற்கு ஆள் இருந்தால்தான் விட முடியும். மனிதர் இல்லாத கடலில் அந்த அறுப்பை யார் செய்வது?

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. இரு நாட்டு மீனவர் பிரதிநிதிகள் 2010-இலும் 2014-இலும் நேரில் உட்கார்ந்து பேசினார்கள்; தீர்வு வரவில்லை என்றாலும், யார் எங்கே விட்டுக்கொடுப்பார் என்பது இருதரப்புக்கும் தெரிந்தது. அந்தப் பேச்சைத் தலைநகரங்களில் மீண்டும் தொடங்குவதற்குப் பதிலாக, ஆண்டுதோறும் இரு கரைத் தமிழரும் கடவுச்சீட்டே இல்லாமல் கூடுகிற ஓரிடத்தில் தொடங்கலாம். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவைத்தான் சொல்கிறேன். 285 ஏக்கர் தரிசு. குடிக்கத் தண்ணீர் கிடையாது. அந்தத் தீவு யாருடையது என்ற வழக்கை நான் இங்கே கிளறவில்லை. ஆனால் இந்திய மீனவரும் யாத்திரிகரும் பயண ஆவணம் இல்லாமல் அங்கு வரலாம் என்பது 1974 ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. போக்கில்லாஸ்காரர்கள் பதினோரு ஆண்டுகள் காத்திருந்து பெற்றது, ஆண்டுக்கு இரண்டு நாளாவது நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

போர் முடிந்தபின் ஒரு முறை என் அண்ணன் அந்தத் திருவிழாவுக்குப் போய்வந்தார். அங்கிருந்து இரண்டு ராணி சந்தன சோப்பும் ஒரு பொட்டலம் பனங்கட்டியும் கொண்டுவந்தார். சோப்பில் ஒன்று பெங்களூருக்கு வந்தது. திருப்பலி முடிந்து, கொடிமரத்துக்குப் பக்கத்தில் நெடுந்தீவு மீனவர் ஒருவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாராம். உங்கள் பக்கம் ஆவுளியா இன்னும் வருகிறதா என்று அண்ணன் கேட்டிருக்கிறார். “போன கிழமை வலையில் ஒண்டு பட்டது. வலையை வெட்டி விட்டனாங்கள்” என்று அவர் சொன்னாராம். எந்த இடம், எந்த மாதம், குட்டியோடு இருந்ததா என்று இவர் கேட்க, அவர் சொல்லச் சொல்ல, அண்ணன் தம் பயணச் சீட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆய்வு நிறுவனங்களும் வனத்துறையும் மீன்வளத்துறையும் அடுத்த திருவிழாவுக்கு ஆளுக்கொரு பணியாளரை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அனுப்பட்டும். இரு கரைக்காரர்களும் தாங்கள் பார்த்ததை அதே புத்தகத்தில் எழுதட்டும். பூங்காவுக்கு என்ன பெயர் வைப்பது என்பதை அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
அல்சூர், பெங்களூரு.